கொடி குத்திய சாணிக்கூடை

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் அரிசி இல்லை, சீனி இல்லை, மருந்து இல்லை, கட்டத் துணி இல்லை. ஆபீஸுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. நெருப்புப்பெட்டிக்கு ஓர் ஆபீஸ், தேங்காய்க்கு ஓர் ஆபீஸ், சைக்கிளுக்கு ஓர் ஆபீஸ். கடைசியில் சாணிக்கும் ஒன்று திறந்தார்கள். சிரிக்காதீர்கள், சாணிக்குத்தான்.

அந்த ஆபீஸ் எதற்கென்று நவமணிக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் அது பறித்துக்கொண்டு போனது என்ன என்பது மட்டும் அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

தண்ணீர்மலை அடிவாரத்தில் மூன்று தோட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. முதல் தோட்டத்தில் நவமணியும் அவள் புருஷன் சின்னையாவும் பால்மாடு வைத்திருந்தார்கள். அடுத்ததில் ஆ லெங் என்ற சீனர் கீரையும் முள்ளங்கியும் போட்டு, பின்பக்கம் பன்றி வளர்த்தார். மூன்றாவதில் ஹபீபா பீவிக்கு வாத்துக்குட்டையும் வாழையும் மரவள்ளியும். நடுவில் வேலி உண்டு. வேலியில் ஓட்டையும் உண்டு. அது தானாக விழுந்த ஓட்டை இல்லை, ஒரு கூடை நுழையும் அளவுக்குப் பார்த்துப் பிரித்து வைத்தது.

நவமணி வீட்டுச் சாணி பலாமரத்தடியில் குவிந்து, சூடு ஆறி, கையில் அள்ளினால் காப்பித்தூளாக உதிரும் பக்குவத்துக்கு வந்ததும் ஆ லெங்கின் பாத்திக்கும் பீவியின் மரவள்ளிக்கும் போகும். ஆ லெங் கழித்துப் போடும் கீரையும் முள்ளங்கி இலையும் மாட்டுக்கு வரும். பீவியின் குட்டைச் சேறு கீரைக்கு, வாழைத்தண்டு மாட்டுக்கு. பன்றி எரு மட்டும் ஆ லெங் வேலியைத் தாண்டாது. பீவியின் பக்கம் அது தலைகாட்டக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவு வாங்கினார் என்று ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை. "அக்கா! தாஹி லெம்பு!" என்று ஆ லெங் மலாயில் சாணி கேட்டுக் கத்துவார். கூடை போகும். அதுதான் அவர்களுடைய நிர்வாகம்.

இந்த நல்ல காரியம் கனகசுந்தரத்தின் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் கனகசுந்தரம் ஏதோ ஓர் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். துரைமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகேறி ஓடியபோது இவர் கையில் ஒரு பங்களாவின் சாவி மிஞ்சியது. ஜப்பான்காரன் இறங்கியதும் ஊரில் எல்லாரையும்விட முன்னதாக இடுப்பை வளைத்தவர் இவர்தான். "உணவு பயிரிடுங்கள்" என்று உத்தரவு வந்தது. பயிரிட இவருக்குத் தெரியாது. ஆகவே பயிரிடுகிறவர்களுக்கு மேலே உட்கார ஒரு நாற்காலி செய்துகொண்டார். பங்களா வாசலில் 'கிழக்காசியக் கூட்டுச் செழிப்பு உரச் சுழற்சித் தலைமை அலுவலகம்' என்று பலகை தொங்கியது. ஜனங்கள் அதைச் சாணி ஆபீஸ் என்றார்கள்.

திறப்பு விழாவில் அவர் பேசினார்.

"மகாஜனங்களே! இதுவரை உங்கள் சாணி அநாதையாகத் திரிந்தது. கேட்க நாதியில்லை. வேலி ஓட்டையில் புகுந்து போயிற்று. இன்றுமுதல் அதற்கு ஓர் அரசாங்கம் உண்டு! வேலி வழியாகப் போவது கள்ளச்சந்தை. அலுவலகம் வழியாகப் போவதே சுழற்சி!"

ஆ லெங் கையைத் தூக்கினார். "ஐயா, நவமணி அக்கா வீடு அங்கே, என் வீடு இங்கே. கை நீட்டினா தொடும். எதுக்கு டவுனுக்குப் போய்ட்டு வரணும்?"

"கை நீட்டினால் தொட்டுவிடுவதற்கு நிர்வாகம் என்று பெயரில்லை," என்றார் கனகசுந்தரம். கூட்டத்தைக் கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

அன்றைக்கே வேலி ஓட்டைகளை முள்கம்பியால் அடைத்துவிட்டுப் போனார்கள். சின்னையா சாணியை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அது நிறுக்கப்படும், முகர்ந்து பார்க்கப்படும், முதல் தரம் இரண்டாம் தரம் என்று பிரிக்கப்படும். பிறகு ஆபீஸ் மனம் வைக்கும்போது அடிவாரத்துக்கே திரும்பி வரும். போகும்போது வண்டி நிறையப் போனது. வரும்போது மழையில் கரைந்து, வெயிலில் காய்ந்து, வழியில் யார் யாரோ தொட்டுப் பார்த்து, ஒரு கூடை சக்கையாக வந்தது. அதையும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

டோக்கியோ நேரப்படி காலையிலே சாணி வந்து சேர வேண்டும் என்று அடுத்த உத்தரவு. டோக்கியோவில் காலை ஆகும்போது பினாங்கில் கோழியே கூவாது. ஒருநாள் நவமணி வெறும் கூடையோடு போய் நின்றாள்.

"மாடு இன்னும் போடலீங்க ஐயா."

"ஏன் போடவில்லை?"

"அதுக்கு இன்னும் விடியலீங்க."

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாடு பழைய வெள்ளைக்காரன் நேரத்தை இன்னும் விடவில்லை. அதன் மனப்போக்கைத் திருத்துவது உன் பொறுப்பு. மாட்டுக்கும் நம் ஜப்பான் பாஷை, நிப்பொங்கோ, சொல்லிக் கொடு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த மனிதர் ஆயுளில் ஒருமுறைகூட விளையாட்டாகப் பேசியதில்லை. நவமணி வீட்டுக்கு வந்து மாட்டின் முகத்தைப் பார்த்தாள். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது கொடி. ஆபீஸே காகிதத்தில் கொடி செய்து, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்து, ஒவ்வொரு கூடைக்கும் ஒன்று கொடுத்தது. கொடி குத்திய சாணி அரசாங்கத்துச் சாணி. அதன் எதிரில் யாராயிருந்தாலும் இடுப்பு மடிய வணங்க வேண்டும். வணங்கி முடித்ததும், கனகசுந்தரமே உட்கார்ந்து எழுதிய துதியை உரக்கச் சொல்ல வேண்டும்: "கனகசுந்தரம் ஐயாவின் அறிவாலே கல்லும் கீரை தரும்! ஒரு கூடை பத்தாகும்!" தப்பாகச் சொன்னவர்களை வெயிலில் நிறுத்திப் பழக்கினார்கள். நவமணி தப்பே செய்ததில்லை. அவளுக்கு மனப்பாடம் நன்றாக வரும்.

ஹபீபா பீவி மட்டும் முரண்டு பிடித்தாள். "அல்லாவுக்குக் குனியிற தலை, தங்கச்சி. சாணிக்கா குனியும்?" என்று வரிசையில் நின்றே முணுமுணுத்தாள். ஆனால் பக்கத்தில் துப்பாக்கிக்காரன் நின்றான். ஆகவே ஒவ்வொரு நாளும் கும்பிடும் நேரத்தில் பீவியின் கையிலிருந்து வெற்றிலைச் சுருள் கீழே விழும். குனிந்து எடுப்பாள். சிப்பாய் திருப்தியாகத் தலையாட்டுவான்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கனகசுந்தரம் சுவரில் வரைபடம் மாட்டி, அதில் பெரிய வட்டம் போட்டார். சுழற்சி என்றால் வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? மாட்டுச்சாணி வாத்துக்காரிக்கு, வாத்துச்சேறு மாட்டுக்காரிக்கு என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போனவர், பன்றி எருவைக் கொண்டுபோய் ஹபீபா பீவியின் தோட்டத்தில் முடித்தார். வட்டம் அழகாக வந்துவிட்டது.

பீவி போட்ட சத்தத்தில் ஆபீஸ் கூரை பறந்திருக்க வேண்டும். "யா அல்லா! எங்க வாப்பா கொத்தின மண்ணுலயா இதக் கொட்டுவ? கொட்டிப் பாரு! அதே கூடைய உன் தலையில கவுக்கிறேன்!"

"மண்ணுக்கு மதம் கிடையாது அம்மா," என்றார் கனகசுந்தரம் கருணையோடு. "ஒரு பெண்பிள்ளைக்காக வட்டத்தைக் கோணலாக்க முடியாது."

வண்டி வந்து கொட்டிவிட்டே போனது. பீவி வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆ லெங் முள்கம்பியைத் தூக்கிப் புகுந்து வந்தார். "பீவி அக்கா, நீ பாக்காதே லா. என் சரக்கு, நானே எடுத்துக்கிறேன்," என்று ஒரு பொட்டு விடாமல் வழித்து அள்ளினார். அள்ளிய இடத்தைச் சின்னையா தண்ணீர் ஊற்றிக் கழுவினான். பீவி அந்தப் பாத்தியில் அதன்பிறகு ஒன்றும் நடவில்லை.

அடுத்த வாரம் பலாமரத்தடிக்கு ஆள் வந்தது. அங்கே ஆறப் போட்டிருந்த குவியலைப் பார்த்துக் கனகசுந்தரம், "பதுக்கல்!" என்று அலறினார். மாதக்கணக்கில் மக்கிய எரு அத்தனையும் வண்டியேறியது. எங்கே போனது என்று கேட்கிறீர்களா? பங்களாவின் பின்பக்கம் அவருடைய சொந்தக் கத்தரித் தோட்டத்துக்குப் போனது. கத்தரிக்காய் கொழுகொழுவென்று காய்த்தது. அதற்கு 'மாதிரிப் பண்ணை' என்று பெயர்.

அடிவாரத்தில் ஆ லெங்கின் கீரை மஞ்சள் தட்டியது. கீரை இல்லாததால் கழித்துப் போட இலையும் இல்லை. மாடுகளுக்கு வயிறு ஒட்டியது. சாணி குறைந்தது. சாணி குறைந்தவர்களுக்கு என்ன தண்டனை என்று ஆபீஸ் வாசலில் எழுதியே போட்டிருந்தார்கள்: வீட்டுக்கு ஓர் ஆண், சயாமுக்கு. அங்கே காட்டை வெட்டி ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான் ஜப்பான்காரன். போன ஆள் ஒருவனும் திரும்பியதாக ஊரில் பேச்சில்லை.

சின்னையா அதிகம் பேசாத மனிதன். ஆபீஸ் தராசில் அவன் சாணி எடை குறைந்த அன்றைக்கு மட்டும் பேசினான். "ஐயா, மேல போட்டாத்தான் கீழ வரும். எங்க மாட்டுக்குத் தீனி வந்த வழிய நீங்கதான் அடைச்சீங்க. கம்பிய எடுங்க, கேட்ட சாணிய நான் தர்றேன்."

கனகசுந்தரம் பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. அந்தப் பார்வை தெரியும். பளாரென்று விழுந்த அறையில் சின்னையாவின் தலைப்பாகை சாணிக்குவியலில் போய் விழுந்தது. அப்படியே லாரியில் ஏற்றினார்கள்.

கூட வந்திருந்த நவமணி கனகசுந்தரத்தின் காலைப் பிடித்தாள். "ஐயா, அவரு நெஞ்சு சரியில்லாத ஆளு. காட்டுல தாங்க மாட்டாரு. என் மாட்ட எடுத்துக்குங்க ஐயா, அவர விட்ருங்க!"

கனகசுந்தரம் காலை உதறவில்லை. குனிந்து, சமாதானமாகத்தான் சொன்னார். "ஏன் அழுகிறாய்? சயாமில் நல்ல காற்று. போனவர்கள் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை."

லாரி போய்விட்டது. நவமணி குவியலிலிருந்து தலைப்பாகையை எடுத்தாள். எடுக்கும்போது குனிய வேண்டியிருந்தது. சிப்பாய் அதைக் கும்பிடு என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. அரிவாள்மணையைப் பார்ப்பாள், கனகசுந்தரத்தின் கழுத்து நினைவுக்கு வரும். கொதிக்கிற கழனித்தண்ணீரைப் பார்ப்பாள், அவர் முகம் நினைவுக்கு வரும். ஒருவேளை அவரைக் கொன்றுவிட்டால் தெருவையே சுட்டுப்போடுவான் ஜப்பான்காரன். நாசமாய்ப் போக, அந்த ஆளுக்கு ஒரு கெடுதல் வரட்டும், அது என் கையால் வரட்டும் என்று பால் கறக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டாள். தெய்வத்திடம் இப்படியும் வேண்டலாமா என்று அவள் யோசிக்கவேயில்லை.

சாணி ஆபீஸில் வாசு என்று ஒருவன் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். நிப்பொங்கோ படித்த குற்றத்துக்கு அங்கே மாட்டிக்கொண்டவன், நல்லவன், பயந்தவன். ஒருநாள் வரிசையில் நவமணியின் கூடையை வாங்கும்போது காதோடு சொன்னான்.

"அக்கா, பெரிய ஜப்பான் அதிகாரி ஒருத்தரு வர்றாரு. சயாம் முகாமுல காய்கறி கிடைக்காம ஆளுங்க செத்து விழுறாங்களாம். அங்க தோட்டம் போடத் தெரிஞ்ச ஆளத் தேடுறாரு. எங்க ஐயாவுக்கு அது தெரியாது. மெடல் குத்த வர்றாங்கன்னு நினைச்சுச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கிட்டு இருக்காரு."

நவமணி கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "அவரு வர்ற அன்னிக்கு ஜனங்கள்ல யாராச்சும் பேசலாமா தம்பி?"

"பேசலாம். ஆனா குறை சொல்லிப்பிடாதீங்க அக்கா, உயிரு போயிரும்."

"நான் ஏன் குறை சொல்றேன்?" என்றாள் நவமணி.

அந்த நாளும் வந்தது. பங்களா முற்றத்தில் ஜனங்களை வரிசையாக நிறுத்தினார்கள். வாள் கட்டிய அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கனகசுந்தரம் சாணிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று முழங்கினார்.

"மேன்மை தங்கிய ஐயா! நான் வருமுன் இந்த அறியாத மக்கள் சாணியை எடுத்து நேராகச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! என்ன அநியாயம்! இன்றோ, ஒவ்வொரு கூடையும் ஏழெட்டு மேசைகளைக் கடந்த பிறகே செடியைப் பார்க்கிறது. பல கூடைகள் செடியைப் பார்ப்பதே இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம்! பயிர் குறைந்திருக்கிறது என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் ஒழுங்கு கூடியிருக்கிறது! கத்தரிக்காய் வேண்டுமா? என் மாதிரிப் பண்ணையைப் பாருங்கள். ஊர் முழுவதும் வாடினாலும் என் தோட்டம் வாடாது. இதுவே என் சுழற்சியின் வெற்றி!"

வாசு வியர்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான். எதைச் சொன்னான், எதை விட்டான் என்று அவனுக்குத்தான் தெரியும். கத்தரித் தோட்டத்தைப் பார்த்த அதிகாரி ஒரு காயைப் பறித்து முகர்ந்தார். பிறகு, ஜனங்களில் யாராவது பேசட்டும் என்றார்.

நவமணி முன்னால் வந்தாள். துப்பப் போகிறாள் என்று ஹபீபா பீவி நினைத்தாள். ஆ லெங் கண்ணை மூடிக்கொண்டார். கனகசுந்தரத்தின் முகம் வெளுத்தது.

நவமணி சாணியைக் கும்பிட்டாள். நிமிர்ந்து கணீரென்று ஆரம்பித்தாள்.

"கனகசுந்தரம் ஐயாவின் அறிவாலே கல்லும் கீரை தரும்! ஒரு கூடை பத்தாகும்! இது நாங்க தினம் சொல்றதுங்க. ஐயாவே சொல்லிக் குடுத்தாரு. இந்த மாதிரி ஒரு ஆள நாங்க பார்த்ததே இல்ல. அவரு தொட்டா மண்ணு பொன்னாயிரும். அந்தக் கத்தரிக்கா அத்தனையும் அவரு ஒருத்தரு கைராசி!"

கனகசுந்தரத்துக்கு உயிர் வந்தது. நாணத்தோடு சிரித்தார். "சும்மா சொல்கிறாள்" என்பதுபோல் கையை அசைத்தார்.

"பார்த்தீங்களா, பெருமை பேச மாட்டாரு," என்றாள் நவமணி. "இவர நாங்க மட்டும் வச்சுக்கிறது பாவங்க. சயாமுல ஆளுங்க காய்கறி இல்லாம தவிக்கிறாங்களாமே? ஐயா அங்க போனா அந்தக் காடே தோட்டமாயிரும். அவருக்கும் ஆசைதான். சயாமுல நல்ல காத்துன்னு அவரு வாயாலேயே எங்கிட்டச் சொல்லியிருக்காரு. பெரிய மனசு பண்ணி அவர அனுப்பி வைக்கணும்."

வாசு இதை மொழிபெயர்த்தபோது ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. அன்றைக்குத்தான் அவன் குரல் நடுங்காமல் வந்தது.

அதிகாரி எழுந்தார். கனகசுந்தரத்தின் எதிரில் வந்து ஏதோ கேட்டார்.

"இந்தப் பெண் சொல்வது உண்மையா, கல்லிலும் கீரை விளைவிப்பீர்களா என்று கேட்கிறார்," என்றான் வாசு.

கனகசுந்தரம் அதிகாரியின் இடுப்பைப் பார்த்தார். இல்லை என்றால் இத்தனை நாள் சொன்னது பொய். பொய் சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்று அந்த வாளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆம் என்றால் சயாம். ஜனங்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே துதியை ஆரம்பித்தார்கள். "கல்லும் கீரை தரும்! கல்லும் கீரை தரும்!" என்று ஆ லெங்கின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. ஹபீபா பீவிகூடச் சொன்னாள், அதுவும் வெற்றிலையைக் கீழே போடாமல்.

"ஹாய்," என்று ஜப்பான் பாஷையில் ஆமோதித்தார் கனகசுந்தரம். தொண்டையிலிருந்து காற்று மாதிரி வந்தது.

அதிகாரி அவர் தோளில் தட்டி வாழ்த்தினார். அடுத்த ரயிலிலேயே புறப்பட வேண்டும் என்று உத்தரவானது. பங்களாச் சாவியை வாசுவிடம் கொடுக்கச் சொன்னார்கள். ஜனங்கள் மூன்று தடவை 'பான்ஸாய்' என்று ஜப்பான்காரன் பழக்கிய வாழ்த்தை முழங்கினார்கள். சாணி ஆபீஸ் சரித்திரத்தில் மனமார எழுந்த பான்ஸாய் அது ஒன்றுதான்.

ரயில் புறப்படும் அக்கரையூரான பிறைக்குப் படகேறும் துறையில் அவரை வழியனுப்ப நவமணியும் பீவியும் போனார்கள். கஞ்சி போட்ட சட்டை கசங்கி, கையில் மூட்டையோடு, மற்றக் கூலிகளின் வரிசையில் கனகசுந்தரம் நின்றார். நவமணி தலையில் கொண்டுபோன கூடையை இறக்கி அவர் எதிரில் வைத்தாள். அன்றைக்குப் போட்ட பச்சைச் சாணி. நடுவில் ஆபீஸ் கொடுத்த காகிதக் கொடி.

"என்ன இது?" என்றார் அவர்.

"அங்க தோட்டம் போட மொத எரு வேணுமில்ல ஐயா? நம்ம ஊருது. தலையில வச்சுப் பத்திரமாக் கொண்டுபோங்க."

காவலுக்கு நின்ற சிப்பாய் கொடியைப் பார்த்தான். கனகசுந்தரம் குனியாமல் நிற்பதையும் பார்த்தான். "பாகேரோ!" என்று திட்டிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தான். கனகசுந்தரம் இடுப்பை மடித்தார். முதலில் இறங்கியது போதாதென்று சிப்பாய் அவர் பிடரியைப் பிடித்து, மூக்கு கூடைக்குள் போகுமட்டும் அழுத்தினான்.

"துதி சொல்லணும் ஐயா," என்று நவமணி நினைவூட்டினாள்.

சொன்னார். கண்ணீரும் மூக்கும் ஒழுக, தன் பெயரைத் தானே சொல்லி, கல்லும் கீரை தரும் என்றார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வழிந்தது.

"நவமணி," என்றார். முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார். "எனக்கு ஒன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியுமே. அங்கே என்னைக் கொன்றுவிடுவான். நீ சொன்னால் கேட்பார்கள். ஒரு வார்த்தை சொல்."

நவமணி இடுப்பிலிருந்து சின்னையாவின் தலைப்பாகையை எடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதை அவர் மூட்டையில் செருகினாள்.

"எங்க வூட்டுக்காரரப் பார்த்தா இதக் குடுங்க. செவலைப் பசு சினையா இருக்கு, நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க. நீங்க எதுக்கு ஐயா அழுவுறீங்க? போனவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லையாமே."

படகு நகர்ந்தது. கொடி குத்திய கூடை கொஞ்ச தூரம்வரை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

இருவரும் தண்ணீர்மலைக்கு நடந்தார்கள். முள்கம்பியை ஆ லெங் அதற்குள் பிடுங்கிப் போட்டிருந்தார். ஓட்டை வழியாக ஒரு கட்டு முள்ளங்கி இலை வந்து மாட்டின் முன்னால் விழுந்தது. "அக்கா! தாஹி லெம்பு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"மனசு ஆறுச்சா தங்கச்சி?" என்று கேட்டாள் ஹபீபா பீவி.

நவமணி வாசலைப் பார்த்தாள். அங்கே சின்னையாவின் மண்வெட்டி சாத்தியபடியே இருந்தது.

"ஆறல அக்கா. அவரு வந்தாத்தான் ஆறும்," என்றாள். "ஆனா இன்னிக்கு மரவள்ளிக்கிழங்கு தொண்டையில இறங்கும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாணி அள்ளப் போனாள்.